9.9 யுவான் காபி: சீனர்கள் ஏன் செலவழிக்கத் தயங்குகிறார்கள்?

2023 செப்டம்பர் 4 அன்று சீனாவின் லக்கின் காபிக் கடைகளில் ஒரு புது லாத்தே, அதாவது பால் காபி, வந்தது. உள்ளே கொஞ்சம் மவுத்தாய். மவுத்தாய் என்பது குய்ஜோ மாகாணத்தில் சோளத்தைப் புளிக்கவைத்து வடித்து, வருடக்கணக்கில் சாடியில் வைத்திருந்து எடுக்கிற 53 சதவீத மது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் போனபோது சீனப் பிரதமர் சூ என்லாய் அவரோடு குடித்தது இதைத்தான். தயாரிக்கும் நிறுவனம் அரசுடையது. ஒரு பாட்டிலின் அறிவித்த விலை அப்போது 1,499 யுவான். ஒரு யுவான் ஏறத்தாழ 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த விலைக்கு அது லேசில் கிடைக்கவில்லை. 2021-இல் வெளிச்சந்தையில் 3,000 யுவானுக்கு மேல் போனது. அதிகாரியைப் பார்க்கப் போகிறவரும் ஒப்பந்தம் பேசப் போகிறவரும் கையில் கொண்டுபோகிற சாமான் அது. வாங்குகிறவர் குடிப்பதில்லை, குடிக்கிறவர் வாங்குவதில்லை என்று அங்கே ஒரு பேச்சே உண்டு.

அப்படிப்பட்ட மவுத்தாய், கூப்பன் தள்ளுபடி போக 19 யுவானுக்குக் காகிதக் கோப்பையில் வந்துவிட்டது. முதல் நாளே 54 லட்சம் கோப்பைகள் விற்றன. விருந்து மேசையில் இடம் கிடைக்காத ஒரு தலைமுறை அலுவலகம் போகும் வழியில் மவுத்தாய் ருசி பார்த்தது.

இரண்டு வருடம் கழித்து அந்தப் பாட்டிலின் வெளிச்சந்தை விலை 2,000 யுவானுக்கும் கீழே இறங்கிவிட்டது. 2025 மே மாதம் அரசு அலுவல் விருந்துகளில் மதுவே கூடாது என்று விதி வந்தது ஒரு காரணம். அதற்கு முன்பே விருந்து கொடுக்கிறவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். நிலம் வாங்கி, கடன் வாங்கி, கட்டடம் எழுப்பி, அதைக் கொண்டாட மவுத்தாய் உடைத்த ஒரு காலம் முடிந்துபோனதன் விலைப்பட்டியல் அது.

லாத்தே விற்ற லக்கினின் கதையும் கேட்கத் தக்கதுதான். 2017-இல் தொடங்கி, 2019-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிட்டு, 2020-இல் இல்லாத விற்பனையை இருந்ததாகக் கணக்கெழுதியது அம்பலமாகி, அங்கிருந்து நீக்கப்பட்ட நிறுவனம் அது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு காணாமல் போயிருப்பார்கள். லக்கின் நிர்வாகத்தை மாற்றிக்கொண்டு எழுந்து நின்றது. 2023-இல் சீனாவில் ஸ்டார்பக்ஸை விற்பனையில் முந்தியது. வெளியேற்றப்பட்ட பழைய முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. கோட்டி காபி என்று இன்னொரு கடை வரிசையைத் திறந்து, 9.9 யுவானுக்கு விற்று, லக்கினையே சண்டைக்கு இழுத்தார்கள். லக்கினும் 9.9-க்கு இறங்கியது. கோட்டி 8.8-க்குப் போனது. ஸ்டார்பக்ஸில் ஒரு லாத்தே 30 யுவான். 1999-இல் பெய்ஜிங்கில் முதல் கடை திறந்தபோது அங்கே காபியோடு கொஞ்சம் அந்தஸ்தும் கிடைத்தது. இந்தச் சண்டையில் 30 யுவானுக்கு எதிர்க்கடையில் மூன்று காபி கிடைத்தது. 2025 நவம்பரில் ஸ்டார்பக்ஸ் தன் சீன வணிகத்தில் 60 சதவீதப் பங்கைச் சீன முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இதைப் பார்த்துவிட்டுச் சீனர்களிடம் பணமில்லை என்று சொல்லிவிட முடியாது. 2024 இறுதியில் சீனக் குடும்பங்கள் வங்கியில் போட்டு வைத்திருந்த தொகை 150 லட்சம் கோடி யுவானுக்கு மேல். ஆளுக்குச் சராசரி போட்டால் ஒரு லட்சம் யுவான். வட்டி ஒன்றும் பெரிதாக இல்லை, இருந்தும் போடுகிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் குடும்பங்கள் செலவழிப்பது சீனாவில் 40 சதவீதத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. அமெரிக்காவில் இது 68 சதவீதம் அளவில், இந்தியாவில் 60-ஐ ஒட்டி. உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரம், தான் தயாரிப்பதைத் தானே வாங்கிக்கொள்ள முடியாமல் நிற்கிறது என்பதுதான் இதன் பொருள்.

கன்ஃபூசியஸ் காலத்திலிருந்தே அவர்கள் சிக்கனக்காரர்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. 2009-இல் இணைய விற்பனை நிறுவனமான அலிபாபா நவம்பர் 11-ஐத் தள்ளுபடித் திருநாளாக்கியபோது கலந்துகொண்டவை 27 பிராண்டுகள். நான்கு ஒன்றுகள் தனித்தனியே நிற்கிற தேதி என்பதால் துணையில்லாத கல்லூரி மாணவர்கள் விளையாட்டாகக் கொண்டாடிவந்த நாள் அது. 2021-இல் அந்தத் திருவிழாவில் அலிபாபா தளங்களில் மட்டும் 54,000 கோடி யுவானுக்கு விற்பனை நடந்தது. சிக்கனம் ரத்தத்தில் ஊறியிருந்தால் இதெல்லாம் எப்படி நடக்கும்? அதற்கு அடுத்த வருடம் அலிபாபா விற்பனைத் தொகையை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. ஒரே வருடத்தில் ரத்தம் மாறிவிடாது. மாறியது வீட்டு விலை.

1998 வரை சீன நகரங்களில் வீடு என்பது வேலை செய்யும் இடம் ஒதுக்கிக் கொடுப்பது. ஆலையோ அலுவலகமோ கொடுக்கும், வாடகை பேருக்குத்தான். அந்த வருடம் அந்த ஒதுக்கீட்டை அரசு நிறுத்தியது. அதே காலத்தில்தான் நஷ்டத்தில் ஓடிய அரசு ஆலைகளிலிருந்து கோடிக்கணக்கானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ‘இரும்புச் சோற்றுக் கிண்ணம்’ என்று அவர்கள் சொன்ன வாழ்நாள் வேலை உடைந்தது. ஆலையின் ஆஸ்பத்திரி போயிற்று, ஆலையின் பள்ளிக்கூடம் போயிற்று. சேமிப்பு எகிறத் தொடங்கியது அப்போதுதான். அடுத்த பத்தாண்டுகளில் பொருளாதாரம் பறந்தது. உற்பத்தியில் குடும்பச் செலவின் பங்கோ 35 சதவீதம் வரை சரிந்தது.

சேர்த்த பணம் எங்கே போகும்? வங்கி வட்டி குறைவாகவே வைக்கப்பட்டிருந்தது. பங்குச் சந்தை சூதாட்டம் மாதிரி. பணத்தை வெளிநாட்டுக்கு எடுத்துப்போகவும் கட்டுப்பாடு. மிஞ்சியது வீடு. உள்ளூர் அரசுகளுக்கும் அதுவே வசதியாக இருந்தது. 1994 வரிச் சீர்திருத்தத்தில் வருமானத்தின் பெரும்பகுதி பெய்ஜிங்குக்குப் போய்விட்டதால், நிலக் குத்தகை உரிமையை விற்றுத்தான் அவை சாலையும் மெட்ரோவும் போட்டன. 2021-இல் அப்படி விற்றதில் வந்தது 8.7 லட்சம் கோடி யுவான். 2024-இல் அது 5 லட்சம் கோடிக்கும் கீழே விழுந்தது. நகராட்சிகள் சம்பளத்துக்குத் திண்டாடும் செய்திகள் பின்னால் வந்ததில் ஆச்சரியமில்லை.

இதற்கு நடுவே கல்யாணச் சந்தை. ஒற்றைக் குழந்தைச் சட்டமும் ஆண் பிள்ளை ஆசையும் சேர்ந்ததில், 2000-களில் 100 பெண் குழந்தைகளுக்கு 118 ஆண் குழந்தைகள் என்ற அளவில் பிறந்தார்கள். பெண் கிடைப்பது அரிது. வீடில்லாத மாப்பிள்ளைக்கு இன்னும் அரிது. வீட்டு விலையை ஏற்றிவிடுவது மாமியார், அதாவது பெண்ணின் அம்மாதான் என்று சீனர்கள் கேலியாகச் சொல்வார்கள். கேலி என்றாலும் அதில் கணக்கு இருக்கிறது. ஷாங்-ஜின் வெய், ஷியாவோபோ ஜாங் என்ற இரு பொருளியலாளர்கள், பையன் இருக்கும் வீடுகள் கூடுதலாகச் சேமிப்பதையும், பெண்ணைவிட ஆண் மிகுந்த பகுதிகளில் அந்தப் போட்டி இன்னும் கடுமையாக இருப்பதையும் காட்டினார்கள். அப்பா அம்மா சேமிப்பு, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி சேமிப்பு, எல்லாம் ஒரு முன்பணத்தில் போய் விழும்.

வீடு வாங்குவது என்றால் கட்டிய வீட்டை வாங்குவதும் அல்ல. பெரும்பாலும் வரைபடத்தைத்தான் வாங்குவார்கள். முன்பணம் கட்டியதும் வங்கி மீதிக் கடனைக் கட்டுமான நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். மாதத் தவணை உடனே தொடங்கிவிடும். நிறுவனம் அந்தப் பணத்தில் அடுத்த ஊரில் அடுத்த நிலத்தை வாங்கும். அங்கே விற்ற பணத்தில்தான் இங்கே சுவர் எழும். சக்கரம் சுற்றும்வரை எல்லாருக்கும் லாபம். எவர்கிராண்ட் என்ற கட்டுமான நிறுவனம் இப்படிச் சுற்றியே வளர்ந்தது. அதன் தலைவர் ஹுய் கா யான் 2017-இல் சீனாவின் முதல் பணக்காரராக இருந்தார். 2020 ஆகஸ்டில் அரசு ‘மூன்று சிவப்புக் கோடுகள்’ என்று கடனுக்கு உச்சவரம்பு வைத்தபோது சக்கரம் நின்றது. 30,000 கோடி டாலருக்கு மேல் கடன் வைத்திருந்த எவர்கிராண்ட் 2021 டிசம்பரில் தவணை தவறியது. 2024 ஜனவரியில் அதைக் கலைக்கச் சொல்லி ஹாங்காங் நீதிமன்றம் ஆணையிட்டது.

பங்குதாரர் கதையை விடுங்கள். பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தெஜென் நகரில், எவர்கிராண்டின் ஒரு குடியிருப்பில் பணம் கட்டியவர்கள் 2022 ஜூன் கடைசியில் ஒரு கடிதம் எழுதினார்கள்: வேலையைத் தொடங்காவிட்டால் வங்கித் தவணை கட்ட மாட்டோம். சில வாரங்களில் நாடு முழுக்க முந்நூறுக்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு அது பரவியது. பாதியில் நிற்கும் கட்டடத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் லான்வெய் லோ, ‘வால் அழுகிய கட்டடம்’. வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்ட முடியாதவர்கள் சிலர் அந்த அரைகுறைக் கட்டடங்களுக்குள்ளேயே குடிபோனார்கள். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, மின்சாரம் இல்லை, லிஃப்ட் வரவேண்டிய இடத்தில் வெறும் குழி. தண்ணீரை வாளியில் மாடிக்குச் சுமந்தார்கள். இப்படி ஒரு குடும்பத்தை ஃபோனில் பார்த்த பக்கத்து மாகாணத்துக்காரர், தன் வீடு நல்லபடியாக முடிந்திருந்தாலும், அடுத்த மாதம் கார் மாற்றுவாரா?

சீனக் குடும்பங்களின் சொத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் வீட்டில் இருக்கிறது. விலை இறங்கும்போது யாரும் வீட்டை விற்றுவிட்டு அழுவதில்லை. வெளியே சாப்பிடுவதைக் குறைக்கிறார்கள், அவ்வளவுதான். அரசு கொடுத்த ஊக்கமெல்லாம் இந்தச் சுவரில்தான் முட்டுகிறது. பழைய ஃபிரிட்ஜைக் கொடுத்துப் புதிது வாங்கினால் தள்ளுபடி என்ற திட்டத்துக்கு 2024-இல் 15,000 கோடி யுவானும் 2025-இல் 30,000 கோடியும் ஒதுக்கினார்கள். ஃபிரிட்ஜ் விற்றது. அடுத்த வருடம் வாங்க நினைத்திருந்தவர் இந்த வருடமே வாங்கிவிட்டார்.

நகரத்துக்காரருக்காவது வீடு என்று ஒன்று இருக்கிறது. கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த 30 கோடிப் பேரின் நிலை வேறு. ஹுகோவ் என்ற குடும்பப் பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊரில்தான் பள்ளிக்கூடம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் முழுதாகக் கிடைக்கும். ஷென்ஜென்னில் இருபது வருடம் ஃபோன் பூட்டியவரும் பெரிய நகரத்தின் ஏட்டில் வெளியூர்க்காரர்தான். 1950-களில் வந்த ஏற்பாடு இது. சிறு நகரங்களில் தளர்ந்திருக்கிறது, பெய்ஜிங், ஷாங்காயில் இன்னும் இறுக்கம். 60 வயதுக்கு மேல் கிராமத்து விவசாயிக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் சராசரியாக மாதம் 200 யுவானைச் சற்றே தாண்டும். நகர நிறுவன ஊழியர் ஓய்வுபெற்றால் 3,000-க்கு மேல். 2020-இல் பிரதமராக இருந்த லீ கச்சியாங், 60 கோடிப் பேரின் மாத வருமானம் 1,000 யுவான் அளவில்தான் இருக்கிறது என்று பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னபோது ஷாங்காய்க்காரர்களே திகைத்துப்போனார்கள். 200 யுவான் ஓய்வூதியத்தை நம்பி யார் சேமிப்பை உடைப்பார்கள்? சிக்கனம் என்று வெளியிலிருந்து நாம் சொல்வதை அவர்கள் இன்ஷூரன்ஸ் என்பார்கள்.

அதனால்தான் கிராம ஓய்வூதியத்தை இரட்டிப்பாக்குங்கள், மற்றது தானாக நடக்கும் என்று சீனப் பொருளியலாளர்கள் பலர் வருடக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். பெய்ஜிங் குறைந்தபட்சத் தொகையை வருடத்துக்கு 20 யுவான் ஏற்றுகிறது. கையில் காசு கொடுத்தால் மக்கள் சோம்பேறியாவார்கள் என்ற எண்ணம் ஒரு கம்யூனிஸ்ட் கட்சிக்கு இருப்பது விந்தைதான். ஷி ஜின்பிங்கே நலத்திட்டச் சோம்பல் பற்றி எச்சரித்து எழுதியிருக்கிறார். 2025-இல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வருடம் 3,600 யுவான் கொடுக்க முடிவெடுத்தது கொஞ்சம் மனம் மாறியதன் அறிகுறி. ஆனால் குழந்தைக்கு முன்பு கல்யாணம் ஆகவேண்டுமே. 2013-இல் 1 கோடியே 34 லட்சம் கல்யாணங்கள் பதிவாயின. 2024-இல் 61 லட்சம்.

இளைஞர்களிடம் வருவோம். 2023 ஜூனில் 16 முதல் 24 வயது வரை உள்ளவர்களில் வேலையில்லாதோர் 21.3 சதவீதம் என்று கணக்கு வந்தது. அப்புறம் அந்தக் கணக்கையே நிறுத்திவிட்டார்கள். மாணவர்களைக் கழித்துவிட்டுப் புது முறையில் மறுபடி வெளியிட்டபோது அது 15 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. 2025-இல் பட்டம் பெற்று வெளியே வந்தவர்கள் 1 கோடியே 22 லட்சம் பேர். 2024 கடைசியில் நடந்த தேசிய அரசுப்பணித் தேர்வுக்கு 34 லட்சம் பேர் தகுதி பெற்றார்கள். இடங்கள் 39,700. அப்பாக்கள் காலத்தில் உடைந்த இரும்புக் கிண்ணத்தைப் பிள்ளைகள் தேடிப் போகிறார்கள்.

அவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் நெய்ஜுவான், ‘உள்ளுக்குள் சுருள்வது’. ஜாவாவின் நெல்வயல்களில் ஆள்மேல் ஆள் இறங்கியும் தலைக்கு விளைச்சல் கூடாததை விளக்க, மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1963-இல் கையாண்ட கருத்து அது. 2020-இல் சிங்ஹுவா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் சைக்கிள் ஓட்டியபடியே லேப்டாப்பில் வேலை பார்த்த படம் பரவியதும், அந்தச் சொல் தெருவுக்கு வந்தது. எல்லாரும் இன்னும் வேகமாக மிதிக்கிறார்கள், யாரும் முன்னே போகவில்லை. 2024-க்குள் கட்சியின் அரசியல் குழுவே அந்தச் சொல்லைத் தீர்மானத்தில் எழுதும் நிலை வந்துவிட்டது. இந்த முறை அது நிறுவனங்களைப் பற்றி.

இந்தத் தலைமுறை செலவழிக்காமல் இல்லை. எதற்கு என்பதுதான் மாறியிருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு, முதியவர்களுக்காக நடத்தப்படும் வட்டார உணவகத்தில் வரிசையில் நிற்பார்கள். மலிவு, வீட்டுச் சாப்பாடு மாதிரியும் இருக்கும். பேக்கரியில் விற்காமல் மிஞ்சியதைச் சாயங்காலம் பாதி விலைக்குப் பொட்டலமாக வாங்குவார்கள். ஜெங்ஜோவில் 1997-இல் ஐஸ் சீவி விற்கும் தள்ளுகடையாகத் தொடங்கிய மிஷுவே, 4 யுவான் எலுமிச்சைச் சாறு விற்றே 45,000 கடைகளைத் தாண்டி, கடை எண்ணிக்கையில் மெக்டொனால்ட்ஸை முந்தியது. இப்படி மிச்சம் பிடித்த காசில் ஒரு கிராம் தங்க மணி வாங்கிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு வைப்பார்கள், அல்லது லபூபு பொம்மைப் பெட்டியை உடைப்பார்கள். உள்ளே எது இருக்கிறது என்று பிரிக்கும்வரை தெரியாது. வீடு எட்டாத கனவாகிவிட்ட பிறகு கொஞ்சம் காசுக்கு ஒரு படபடப்பு கிடைப்பது மோசமான பேரமில்லை.

தயாரிக்கிறவர்கள் பக்கம் இது வேறு மாதிரி தெரியும். கார் ஆலை நிற்க முடியாது. நின்றால் உள்ளூர் அரசு வரியை இழக்கும், வங்கிக் கடன் வாராக்கடனாகும். 2025 மே மாதம் பிஒய்டி தன் சிறிய மின்காரான சீகல்லின் விலையை 55,800 யுவானுக்கு இறக்கியது. மற்றவர்களும் இறக்கினார்கள். அதே ஆண்டு ஜேடி, மெய்த்துவான், அலிபாபா மூன்றும் உணவு டெலிவரியில் மோதிக்கொண்டு, கூப்பன் போக டீ இலவசம் என்ற அளவுக்குப் போக, அரசு கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டியிருந்தது. ஆலை வாசலில் பொருளின் விலை 2022 அக்டோபர் தொடங்கி மூன்று வருடத்துக்கு மேலாக இறங்கிக்கொண்டே இருந்தது. விலை இறங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். லாபம் இறங்கும், சம்பளம் ஏறாது, சம்பளம் ஏறாதவர் 9.9 யுவான் காபி தேடுவார்.

உள்ளே போகாத சரக்கு வெளியே வரும். 2025-இல் சீனாவின் வர்த்தக உபரி 1 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. அமெரிக்கா வரிக்கு மேல் வரி போட்ட அதே வருடத்தில். அமெரிக்கா போகாதது தென்கிழக்கு ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் திரும்பியது. இந்தோனேசியாவில் ஸ்ரீடெக்ஸ் என்ற பெரிய ஜவுளி ஆலை 2025 மார்ச்சில் மூடப்பட்டு 10,000-க்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். அதற்கு அந்த ஆலையின் சொந்தக் கடனும் காரணம், சீனத் துணியும் காரணம்.

நம் பக்கத்தில் இது தீப்பெட்டியில் வந்து மோதியது. ஹுனான் மாகாணத்தில் ஷாவ்தோங் என்ற ஊர், உலகின் பிளாஸ்டிக் லைட்டர்களில் பெரும்பகுதியைத் தயாரிக்கிறது. ஒரு லைட்டருக்கு ஏறத்தாழ 30 உதிரிப் பாகங்கள். அத்தனையும் அந்த ஊருக்குள்ளேயே கிடைக்கும். ஆள் கூலி ஏறஏற எந்திரத்தைப் போட்டுச் சமாளித்தார்கள். இருபது வருடத்துக்கு மேலாக விலை 1 யுவான். மானியம் கொடுத்துத்தான் சீனா மலிவாக விற்கிறது என்று சொல்கிறவர்கள் ஒருமுறை இந்த ஊரைப் பார்க்கவேண்டும். நெய்ஜுவான் மனிதரை மட்டுமல்ல, ஒரு காசு மிச்சத்துக்காக ஸ்பிரிங்கையும் கூடச் சுருட்டும்.

அந்த லைட்டர் இங்கே பெட்டிக்கடையில் 10 ரூபாய்க்குத் தொங்கியது. ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளின் விற்பனையைத் தின்கிறது என்று கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கத்து உற்பத்தியாளர்கள் முறையிட்டார்கள். பதினான்கு வருடம் 1 ரூபாயாக இருந்த தீப்பெட்டி, மூலப்பொருள் விலை தாங்காமல் 2021 டிசம்பரில்தான் 2 ரூபாயாகியிருந்தது. 2022-இல் முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. சரி, முடிந்தது என்று பார்த்தால் உதிரிப் பாகங்களாக வந்து இங்கே பூட்டி விற்றார்கள். 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை வந்தது.